காவுக்குப் போன கை

என் ஆசை அண்ணா,

நேற்று உன்னோடு கல் தூக்கின தோஸ்து முனுசாமி நம் வாசலில் வந்து நின்றான். அவனுக்கும் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. ஆம்பூரில் தோல் பதனிடுகிற அதே ஷாப்பு, அதே மாடிக் கட்டடம். அதோடு சேர்த்து இன்னொரு கூடம் எழுப்புகிறார்கள். போன மாதம் கல் தூக்கும்போது கயிறு அறுந்தது. அவனைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. பாவம் என்று அப்புறம்தான் தோன்றியது, அதுவும் கொஞ்சம்தான். நீ இருந்தால் திட்டியிருப்பாய். இப்போது யார் திட்டுவது?

உன் கை போன அன்று கீழே காரை சுமந்துகொண்டிருந்த சித்தாள் நான். தோல் உலர்த்துகிற மாடிக்கு உத்தரக்கல்லை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். கயிறு இற்றுப்போயிருக்கிறது என்று காலையிலேயே நீ மேஸ்திரியிடம் சொன்னாய். இந்தக் கல் ஒன்றைத் தாங்கிவிடும் என்றார். தாங்கவில்லை. கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் உன் வலது கை மாட்டிக்கொண்டது. நாலு விரல்கள் என் காரைச் சட்டியின் பக்கத்தில் வந்து விழுந்தன.

உன்னை வண்டியில் ஏற்றும் முன்பே மேஸ்திரி அவற்றை மஞ்சள் துணியில் முடிந்துவிட்டார். புதுக் கட்டடம் காவு கேட்கும், கிடைத்துவிட்டால் அப்புறம் யாரையும் தொடாது என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. ஈசானிய மூலையில் குழி தோண்டி, கற்பூரம் ஏற்றிப் புதைத்தார்கள். மேலே காரை கொட்டச் சொன்னது என்னை. எல்லார் முகத்திலும் நிம்மதி. காவுக்கென்று கட்டி வைத்திருந்த கிடாகூட அன்றைக்குத் தப்பித்தது. வேலை முடிந்த அன்று அதையும் வெட்டி விருந்து வைத்தார்கள். பந்தியில் உன்னை உட்கார விடவில்லை. இடது கையால் சாப்பிடுகிறவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? கொல்லைப் பக்கம் தனி இலை போட்டார்கள். நான்தான் ஊட்டிவிட்டேன்.

வேலையில் கை போனால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும், அப்படிச் சட்டம் வந்திருக்கிறது என்று வேலூரில் ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். பிச்சை இல்லையம்மா, உரிமை என்றார். அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். மனுப் போட்டோம். விசாரணைக்கு முதல் நாள் முனுசாமி வந்தான்.

"காவுக்குக் காசு வாங்கினா அது காவே இல்லடா. கட்டடம் மறுபடி கேக்கும். நாளைக்கு என் கை போனா நீ இன்னா பதில் சொல்லுவ?" என்றான்.

முதலாளி சொல்லி வந்தானா? இல்லை, அவன் நிஜமாகவே நம்பினான். பணத்துக்கு வந்திருந்தால் அடித்து விரட்டியிருப்பேன். நம்புகிறவனை என்ன செய்வது?

மறுநாள் நீ அதிகாரி முன்னால் போய், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். உன் காலில் விழுந்து கெஞ்சினேனே, அண்ணா. போனது போச்சு, இன்னொருத்தன் கை எதற்கு என்றாய். ஊரே உன்னைத் தங்கமானவன் என்றது. தங்கத்துக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊற்ற ஒருத்தரும் வரவில்லை. என் கூலி நம் இருவருக்கும் போதவில்லை. கடைசியில் எனக்குச் சொல்லாமல் சோளிங்கர் மலைப்படியில் போய்ப் பிச்சைக்காரர்களோடு உட்கார்ந்தாய். அங்கேயே ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய். நான் வருவதற்குள் புதைத்துவிட்டார்கள்.

நீதான் காசு வாங்கவில்லையே. அப்புறம் எதற்கு அண்ணா அந்தக் கட்டடம் இன்னொரு கையைக் கேட்டது?

முனுசாமி நஷ்டஈடு கேட்கப் போகிறானாம். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் இதுவும் காவுதான் என்று வாயை மூடிக்கொண்டார்கள். வயிற்றுக்காக நான் இன்னமும் அங்கேதான் காரை சுமக்கிறேன். அன்று கயிறு அறுந்ததை நானும் பார்த்தேன். வந்து சாட்சி சொல் என்று கேட்டான்.

"காசு வாங்கினா அடுத்தவன் கை போயிடுமே, முனுசாமிண்ணா?" என்றேன்.

வாசற்படியில் உட்கார்ந்தான்.

"கயிறு இத்துப்போயிருந்திச்சு. அவ்ளோதான் தங்கச்சி. உங்க அண்ணனுக்கும் அதான்."

இந்த ஒரு வரியைச் சொல்ல அவனுக்கு ஒரு கை போக வேண்டியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டேன். பட்டினி கிடக்கட்டும், நீ கிடந்த மாதிரி அவனும் கிடக்கட்டும் என்று மனசாரச் சபித்தேன். திறந்தபோது வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். நான் வாயை மூடிக்கொண்டால் சிரிக்கப்போவது முதலாளி. நாளைக்கும் அதே இற்ற கயிற்றில்தான் கல் ஏறும்.

அதனால் உனக்குச் சத்தியம் செய்கிறேன். விசாரணையில் அவன் கயிற்றைப் பற்றிச் சொல்வேன், உன் கயிற்றைப் பற்றியும் சொல்வேன். மறுநாள் எனக்கு அங்கே வேலை இருக்காது. அவன் பிள்ளைகள் அந்தக் காசில் சோறு தின்னும். அதைப் பார்த்து என் வயிறு எரியும். எரிந்தாலும் சொல்வேன், அண்ணா.

உனக்குப் பின் பிறந்த ஒரே பிறப்பு,
உன் தங்கை கன்னியம்மா