ஜரிகை தெரியாத படம்

ஆரணி,
12.2.1979

அன்புள்ள அனந்தராஜ்,

இங்கு அனைவரும் நலம், உன் அம்மாவின் முழங்காலைத் தவிர.

சிங்கப்பூரில் இருக்கும் உன்னால் ஓர் உதவி ஆகவேண்டும். என் ஸ்டுடியோவில் எடுத்த படங்களைப் பார்த்து, தங்கை ரத்னமாலாவுக்கு வந்த வரன்கள் எல்லாம் போய்விட்டன. ஃபிளாஷ் அடித்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். விளக்கு போட்டால் அழுகிற மாதிரி இருக்கிறாள். இப்போது கண்ணமங்கலத்துப் பட்டுக்கடை வீட்டார் படம் கேட்டிருக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சமே போதும் என்கிற லென்ஸ் வேண்டும். ஐம்பது எம்.எம்.மா, எண்பத்தைந்தா?

உன்,
தேவகுமார்

சிங்கப்பூர்,
3.3.1979

அன்புள்ள தேவா,

ஐம்பது வேண்டாம். முகத்துக்காகக் கிட்டே போனால் மூக்கு முதலில் வந்து நிற்கும். எண்பத்தைந்து, துவாரம் 1.8. உன் குறுகிய அறையில் முழு உருவம் அடங்காது. முகமும் தோளும் போதும். லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து வைத்து எடு. கண் கூர்மையாக விழும், பின்னால் நீ மாட்டியிருக்கும் தாஜ்மகால் திரை கரைந்துபோகும். இதற்காகவே வாங்கலாம்.

வலது கன்னத்தில் வெளிச்சம் படட்டும். அவள் சிரித்தால் குழி விழுவது அந்தப் பக்கம்தான்.

ஊருக்கு வரும் மாணிக்கவேலிடம் லென்ஸைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கும் ஒரு படம் அனுப்பு. லென்ஸைச் சோதிக்க வேண்டும்.

அனந்தராஜ்

ஆரணி,
20.5.1979

அன்புள்ள அனந்தராஜ்,

கண் திறந்த படம் கிடைத்துவிட்டது. பையனின் அம்மா கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பொண்ணு லட்சணமாத்தான் கீறா. ஜரிகை ஏன் மங்கிக் கீது? அசல் பட்டு தானுங்களா?"

"லென்ஸ் அப்படிங்க. முகம் மட்டும்தான் தெளிவா விழும்."

"அப்ப நல்ல லென்ஸா வாங்கறதுதானே?"

இந்தப் பக்கத்தில் ஜரிகையில் சந்தேகம் வந்தால் வம்சத்திலேயே வந்த மாதிரி. வரன் போயிற்று. அம்மா அழுகிறாள். ரத்னமாலா மட்டும் அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

சோதனைப் படம் இத்துடன்.

தேவகுமார்

சிங்கப்பூர்,
11.6.1979

அன்புள்ள தேவா,

லென்ஸ் நன்றாக இருக்கிறது. தினமும் சோதிக்கிறேன். புடவை இருப்பதை நீ எழுதியபிறகுதான் கவனித்தேன்.

அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். முழங்கால் வலியோடு உங்கள் வீட்டுக்கு வந்தால், காரணம் கேட்காமல் நாற்காலி போடு. ரத்னமாலா வேண்டாமென்றாலும் லென்ஸ் உனக்குத்தான்.

அனந்தராஜ்

ஆரணி,
2.7.1979

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாற்காலி போட்டேன். உன் அம்மா படமே கேட்கவில்லை. "தெனம் நேர்ல பாத்துகினுதானே கீறேன், படம் எதுக்கு?" என்றார்.

ரத்னமாலாவிடம் சம்மதம் கேட்டேன். "எனக்கு எந்தக் கன்னத்துல குழி விழும், சொல்லுண்ணா?" என்றாள். உன் கடிதத்தைப் பார்க்காமல் சொல்லத் தெரியவில்லை. "அந்தக் கடுதாசியைப் படிச்சப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்றாள்.

இனி உன்னை 'நீங்கள்' என்று எழுதவேண்டுமாம், அம்மா உத்தரவு. தாலி கட்டும்வரை 'நீ'தான்.

கல்யாணப் படம் நானே எடுக்கிறேன். ஃபிளாஷ் கிடையாது. நீ கண்ணை மூடாமல் இருந்தால் போதும்.

தேவகுமார்