வாரம் ஒரு சத்து ஊசி

டாக்டர்,

காலையில் என் மருந்துக் கடையில் பி-காம்ப்ளெக்ஸ் குப்பி ஒன்று கைதவறி உடைந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் மனசு மேலூரில் உங்கள் கிளினிக் வாசலில் போய் நின்றுவிட்டது. நீங்கள் செத்து எத்தனையோ வருஷமாகிறது. என் கோபத்துக்கு மட்டும் வயசாகவே இல்லை.

அந்த கிளினிக் போர்டை எழுதியவர் என் அப்பா. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி முக்கால்வாசிக் கடைகளின் போர்டு அவர் எழுதியதுதான். எழுபதுகளின் கடைசியில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. மதுரையில் பெரிய டாக்டர் ஒருவர் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் என்று சொல்லி, லீவோடோபா மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில வாரத்தில் அப்பா மறுபடி பிரஷ்ஷை எடுத்து ஒரு சைக்கிள் கடைக்கு போர்டு எழுதினார். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. அதைப் பார்க்கவென்றே அம்மா கடைத்தெருவுக்குப் போய்வந்தாள்.

நீங்கள் எங்கள் குடும்ப டாக்டர். ஆள் தளர்ந்து தெரிகிறார் என்று வாரம் ஒரு சத்து ஊசி போட்டீர்கள், போதாததற்கு டானிக்கும் கொடுத்தீர்கள். நடுக்கம் திரும்பி வந்தது. அது கூடக்கூட நீங்கள் ஊசியையும் கூட்டினீர்கள்.

நான் அப்போது மதுரையில் பார்மசி படித்துக்கொண்டிருந்தேன். விழுங்கும்போது லீவோடோபா மருந்தே இல்லை என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மூளைக்கு வேண்டியது டோபமீன். அதை நேராகக் கொடுத்தால் மூளைக்குள் நுழையாது. அதனால் நுழையக்கூடிய உருவில் கொடுக்கிறார்கள். உள்ளே போனபின் ஒரு நொதி அதிலிருந்து சின்னத் துண்டு ஒன்றைக் கழற்றிவிட, அது டோபமீன் ஆகிறது. ஆனால் அதே நொதி குடலிலும் ஈரலிலும் இருக்கிறது, அதற்கு வேகம் கொடுப்பது பி-6 வைட்டமின். உங்கள் ஊசியிலும் டானிக்கிலும் இருந்தது அதுதான். அப்பா விழுங்கியதெல்லாம் மூளைக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே மாறி வீணாகிக்கொண்டிருந்தது.

இதைச் சொல்ல பஸ் பிடித்து வந்தேன். பெஞ்சு நிறைய நோயாளிகள் இருக்க, "மாத்திரை எண்ணப் படிக்கிற புள்ள, எனக்கு வைத்தியம் சொல்லித் தருதாக்கும்" என்று சிரித்தீர்கள். அவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் என்னைத்தான் கடிந்துகொண்டார். "டாக்டரய்யா எம்புட்டு அக்கறையாப் பாக்குறாரு. நீ குறுக்க பேசாத தாயி."

கடைசியில் சோறு அள்ள முடியாமல், ஊட்டினால் விழுங்கவும் முடியாமல், புரையேறி நெஞ்சில் சளி கட்டி அப்பா போய்ச் சேர்ந்தார். நீங்கள் மாலையோடு வந்து, ஆனமட்டும் பார்த்தோம் என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அன்றைக்கே கத்தியிருப்பேன். கத்தினால் கோபம் வழியிலேயே செலவாகிவிடும் என்று அப்படியே வைத்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து உங்கள் மகன் மதுரையில் என் கடைக்கு வந்தார். உங்களுக்கும் அதே வியாதி, அதே மாத்திரை, ஆனால் கேட்கவில்லை என்றார். கூட வேறென்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். பையிலிருந்து உங்கள் டானிக் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். ஊசியும் அவராகவே போட்டுக்கொள்கிறார் என்றார்.

நான் பேசாமல் இருந்திருந்தால் போதும், பழி தீர்ந்திருக்கும். ஆனால் ஏன் என்று தெரியாமலே நீங்கள் போயிருப்பீர்கள். அது எனக்குப் பத்தவில்லை. ரெண்டையும் நிறுத்தச் சொன்னேன்.

அடுத்த மாசம் மேலூருக்கு வந்தேன். சட்டைப் பொத்தானை நீங்களே போட்டுக்கொண்டிருந்தீர்கள். "பெயிண்டர் மகளா? எல்லாம் உன் புண்ணியம் தாயி" என்று கும்பிட்டீர்கள். கை ஆடவில்லை. அப்போதுதான் சொன்னேன். எதை நிறுத்தியதும் உங்கள் கை நடுக்கம் நின்றதோ, அதைத்தான் அப்பாவுக்கு வாராவாரம் ஏற்றினீர்கள் என்று, ஒன்று விடாமல், உங்கள் மகன் முன்னாலேயே சொன்னேன்.

"அப்ப நாந்தானா?" என்று கேட்டீர்கள்.

"நீங்கதான்."

மன்னித்துவிடு என்றீர்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன் என்று எழுந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நல்ல கையோடு சில வருஷம் இருந்தீர்கள். காலையில் பொத்தான் போடும்போதெல்லாம் அப்பா நினைப்பு வந்திருக்கும். அதற்காகத்தான் அந்தக் கையை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் கேட்ட மன்னிப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, டாக்டர். தருவதாக இல்லை.