அத்தர்ப் பஞ்சு

12.03.2007

இன்று வேலைக்கு முதல் நாள். விடியச் சாய்ந்தமருதில் லொறி ஏறி, சூட்டுத் திடலுக்குப் போனோம். ஊர்காவலர் வேலைக்குச் சேர்ந்த நம்முடைய பொடியன்மார் பதினெட்டுப் பேர். அவர்களுக்குத் துப்பாக்கி பழக்கும், நம் வாயில் சாஜன் ஆகிவிட்ட சார்ஜன்ட் விஜேபாலவுக்குத் தமிழ் அரைகுறை. இவர்களுக்குச் சிங்களம் அறவே இல்லை. நடுவில் நான். பட்டதாரி, இருபத்திரண்டு வருட ஆசிரியன். என்னிடம் படித்தவனைப் பள்ளிக்கூட அதிபர் நாற்காலியில் இருத்தியதும் விலகல் கடிதத்தை எறிந்துவிட்டு வந்தவன். இப்போது துப்பாக்கிக்கும் பொடியன்மாருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளன்.

மகள் றாஹிலாவுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதனால்தான்.

சாஜன் ஒரு காதுக் கவசத்தை நீட்டினான். "மாஸ்டர், இத போடு. இல்லாட்டி காது போகும்." அவனுக்கு முப்பது வயது இருக்காது, எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டான். போட்டுக்கொண்டால் நீ சொல்வது எப்படிக் கேட்கும் என்று சிங்களத்தில் கேட்டேன். அவனுடையதைவிட நல்ல சிங்களம். "முதல்ல சொல்லு. பிறகு போடு. பிறகு சுடு," என்றான்.

நான் வாங்கவில்லை. சட்டைப் பையில் அத்தர்ப் போத்தலும் பஞ்சும் இருந்தன. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் காதுமடலில் செருகும் பஞ்சை இன்று துவாரத்துக்குள்ளேயே திணித்துக்கொண்டேன். வரிசையின் வலது முனையில் நின்றேன். துப்பாக்கிகள் எல்லாம் என் இடது காதுப் பக்கம். மேலே தகரக் கூரை. முதல் வெடியைச் சத்தம் என்று சொல்ல முடியாது. கன்னத்தில் விழுந்த அறை.

இன்பாஸ் என்றொரு வாய்க்காரன். "மாஸ்டர், அத்தர் வாசத்துக்கு வெடி மயங்கி உழுந்திரும் போல!" எல்லோரும் சிரித்தார்கள். என்ன என்று சாஜன் கேட்டான். மொழிபெயர்த்தேன், வேறென்ன செய்வது. அவனும் சிரித்தான்.

13.03.2007

இரண்டு காதிலும் சில்வண்டு இரைச்சல். பகல் முழுக்க.

16.03.2007

வண்டு போய்விட்டது. காது போகுமாம். பெரிய வைத்தியர் இந்தச் சாஜன்.

02.05.2007

காதில் அடைக்கும் மஞ்சள் நுரைத் துண்டுகள் ஒரு பெட்டி வந்திருக்கிறது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு தாள். தமிழாக்கித் தரச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் முடித்தேன். பிழையில்லாத தமிழ். விரலால் உருட்டி மெல்லியதாக்குக. மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகுக. விரிந்து நிரம்பும்வரை விரலை எடுக்க வேண்டாம். கூரையின் கீழ் சுடும்போது அதற்கு மேல் கவசமும் அணிக. சாதாரணப் பஞ்சு காதைக் காக்காது.

கடைசி வரியையும் என் கையால்தான் எழுதினேன். வகுப்பில் போல உரக்க வாசித்தும் காட்டினேன் — காதில் அத்தர்ப் பஞ்சோடு. இன்பாஸ் என் காதைப் பார்த்தான். பிறகு குனிந்து நுரைத் துண்டை உருட்டத் தொடங்கினான். அன்று சிரித்ததே பரவாயில்லை.

ஏன் நான் நுரை போடுவதில்லை? கேட்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். பொய். சாஜன் சொல்லி நான் கேட்டதாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

26.12.2007

மூன்று வருடம்.

கடல் வந்த அன்று நான் இறக்காமத்தில், வயலில் நின்றேன். மறுநாள் பின்னேரம்தான் நடந்து ஊர் வந்து சேர முடிந்தது. அதற்குள் என் தம்பி ஜெமீல் றபீக்காவை அடக்கிவிட்டான், எத்தனையோ பேரோடு ஒரே குழியில். என் மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை. "வெச்சிக்கொண்டு இரிக்கேலாத நெலம காக்கா," என்றான், மூத்தவன் என்னைப் பார்த்து. ஒரு நாள் வைத்திருக்க முடியாதா? ஒரே ஒரு நாள்? அன்றிலிருந்து அவனோடு எனக்குக் கதை இல்லை.

இன்று படலையடியில் வந்து நின்று ஏதோ சொன்னான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே வந்த பிறகுதான் உறைத்தது — அவன் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. கேட்கப் பிடிக்காததாலா, கேட்காததாலா?

08.02.2008

தொலைபேசியை வலது காதில் வைக்கிறேன். எப்போதிருந்து?

11.09.2008

நோன்பு பத்து.

பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருந்தேன். ஆறு ஐந்து. ஆறு பத்து. ஆறேகால். பாங்கு சொல்லும் மோதினார் தூங்கிவிட்டான் என்று வாய்க்குள் திட்டினேன். யாருடைய சிபாரிசில் வந்தவனோ, நேரம் பார்க்கத் தெரியாதவன்.

றாஹிலா குடித்து முடித்த கஞ்சிக் கோப்பையோடு எதிரே வந்தாள். "என்ன வாப்பா, இன்னும் நோன்பு தொறக்கல்லயா?"

"பாங்கு சொல்லட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல்: "பாங்கு சொல்லி முடிஞ்சி வாப்பா. மறுகா தொழுகையும் தொடங்கிட்டு."

பள்ளிவாசல் எங்கள் வாடகை வீட்டிலிருந்து நாலாவது வளவு. ஒலிபெருக்கி எங்கள் பக்கம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறது.

பழத்தை வாயில் போட்டேன்.

08.11.2008

ஆஸ்பத்திரி. தர்மிகா என்று தம்பிலுவில் ஊர்ப் பிள்ளை, காது வைத்தியர். ஒரு கண்ணாடி அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொன்னாள். கேட்டதற்கும் உயர்த்தினேன், கேட்காததற்கும் உயர்த்தினேன். பரீட்சையில் கள்ளம் செய்யும் மாணவனைப்போல. கண்டுபிடித்துவிட்டாள். என் வலது காதருகே குனிந்து சொன்னாள்:

"காதுக்குள்ள மயிர்மாதிரி நுண்ணிய உயிர்க் கலங்கள் இரிக்கி சேர். வெடிச் சத்தத்தில அதெல்லாம் செத்துப் போயிற்று. திரும்ப முளைக்காது."

"பஞ்சு வைத்திருந்தேன்."

"பஞ்சு தூசியத்தான் தடுக்கும் சேர். முதல் நாள் இரைஞ்ச நேரமே வந்திரிக்கலாமே?"

இடது முடிந்தது. வலதில் கொஞ்சம் மிச்சம். வாயைக் காதோடு வைத்துச் சொன்னால் விளங்கும். கருவி வைத்தால் சத்தம் கூடும், சொல் தெளியாது என்றாள். யாரைக் குறை சொல்ல? வழி நெடுக யோசித்தேன். ஒருவரும் அகப்படவில்லை.

10.11.2008

இனி வரமாட்டேன் என்று சாஜனிடம் சொன்னேன். அவன் நீளமாக ஏதோ சொன்னான். நான் இன்பாஸைப் பார்த்தேன். அவன் திடலிலேயே வேலைக்கு நின்று சிங்களம் நன்றாகப் பழகிவிட்டான். என் வலது காதில் வாயை வைத்துக் கத்தினான்: "முதல் நாளே மாஸ்டர்ட காதில கவசத்த நானே மாட்டி உட்டிரிக்கணும் எண்டு சொல்றாரு!"

எனக்கே மொழிபெயர்ப்பாளன்.

19.05.2009

யுத்தம் முடிந்ததாம். றாஹிலா தொலைக்காட்சியைக் காட்டினாள்.

பிரதான வீதிக்குப் போனேன். கட்டுக் கட்டாகச் சீனவெடி. கடதாசி துள்ளுகிறது, புகை எழும்புகிறது, நாய்கள் ஓடுகின்றன. சத்தம் இல்லை. அதிர்ச்சி மட்டும் நெஞ்சில். நமக்கு மீன் கொண்டுவரும் கதிர்காமன் சைக்கிளைப் போட்டுவிட்டு, ஒரு கடைவாசலில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். அவருடைய மகள் யுத்தம் நடந்த வன்னியில். மாசியிலிருந்து செய்தி இல்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

அவருக்குக் கேட்டுத் தொலைக்கிறது. எனக்குக் கேட்டுத் தொலைக்கவில்லை.

14.06.2009

இன்பாஸ்தான் மாப்பிள்ளை. றாஹிலாவின் விருப்பம். அவன் வீடும் கேட்கவில்லை. மறுக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது: என்னைப் பார்த்துச் சிரித்தவன். வெளியில் சொல்லக்கூடிய காரணமா அது? "மாமா, ஒங்கட தமிழ்த் தாளாலதான் என்ட காது தப்பின," என்று கத்தினான். நன்றியாகத்தான் சொன்னான். எனக்கு எரிந்தது.

நிக்காஹ்வில் தகப்பன்தான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உமக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சொல்ல வேண்டும். அவன் 'கபில்து' என்று ஏற்பதைக் காதால் கேட்கவும் வேண்டும். ஏலாவிட்டால் என் சார்பில் சொல்ல ஒருவரை வைக்கலாம் என்றார் மௌலவி. ஏன் ஏலாது? எனக்கு இருப்பது ஒரே மகள்.

பின்னேரம் றாஹிலாவை எதிரே இருத்தி ஒத்திகை பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கபில்து என்று சொல்லு, எத்தனை தரம் என்று நான் சொல்கிறேன் என்றேன். காத்திருந்தேன். அவள் தொடங்கட்டும் என்று காத்திருந்தேன். முந்தானையை எடுத்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது.

"அஞ்சு தரம் சொன்ன நான், வாப்பா."

பிறகு என் வலது காதோடு குனிந்து கேட்டாள்: "சாச்சாவக் கூப்பிடுவமா?"

சாச்சா என்றால் என் தம்பி ஜெமீல்.

15.06.2009

கூப்பிடு என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். வாயால் வரவில்லை.

28.06.2009

முடிந்தது.

ஜெமீல் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். நான் சொல்ல வேண்டியதை அவன் சொன்னான். தாடி நரைத்துவிட்டது அவனுக்கு, நான் பார்க்கவேயில்லை. இன்பாஸின் உதடு ஒரு தரம் அசைந்தது. சபையில் எல்லோரும் கையேந்திய பிறகுதான் என் மகள் மனைவியாகிவிட்டாள் என்று தெரிந்தது. நானும் ஏந்தினேன்.

அத்தர் வந்தது. ஜெமீல் போத்தலை வாங்கி, பஞ்சை நனைத்து, என் இடது காதுமடலில் செருகினான். துவாரத்தில் இல்லை, மடலில். அப்படியே குனிந்து அந்தக் காதுக்குள் ஏதோ சொல்லத் தொடங்கினான். நீளமாகச் சொன்னான். மூச்சுச் சூடு பட்டது. நடுவில் ஒரு தரம் நிறுத்தி, திரும்பத் தொடங்கினான்.

எந்தக் காது செத்தது என்று அவனுக்குத் தெரியாது. நானும் மற்றக் காதைத் திருப்பவில்லை.

சொல்லி முடித்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தலையை ஆட்டி ஓம் என்றேன்.