சாமைக்குப் பொகை வேணுமாம்

எங்கக்கா, ஒரே அடுப்புல என்னோட வெந்தவளே,

நல்லா இருக்கியான்னு கேக்க வாய் வருது. கேட்டு இன்னா ஆவப்போவுது? நீ கண்ண மூடின ஐப்பசி மழை விட்டு, இங்க மார்கழிப் பனி எறங்கிடுச்சு. காலையில கதவத் தொறந்தா எதிர் வூடு தெரியல. குளுருக்குப் பயந்து கதவு சன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு உள்ள அடுப்பு எரியுது. நீ போனதும் உன் மண்ணடுப்பு முன்னாடி யார் குந்துனா தெரியுமா? உன் பொண்ணு செல்வி.

நான் ஆட்டுக்குத் தழை ஒடிச்சிக்கினு வர்றதுக்குள்ள அவளே களி கிண்டி வச்சிடுறா. மார்கழி பொறந்த அன்னைக்கு ஆட்டுக் கொட்டாயில நின்னுட்டிருந்தப்ப உள்ள இருமல் சத்தம். ஒரு நிமிஷம் நீதான்னு நெனச்சுட்டேன். அதே மாதிரி இழுத்து இழுத்து, கடைசியில ஒரு விசில். அதுக்கப்புறம் வந்துச்சு பாரு கோவம், இன்னும் அடங்கல.

அண்ணன் பொண்டாட்டியும் தம்பி பொண்டாட்டியும் ஒரே வூட்ல இருந்தா அடிச்சுக்குவாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க. நாம அடிச்சுக்கல. போடாம விட்ட சண்டையெல்லாம் இப்ப மத்தவங்க கிட்ட போட்டுட்டு வர்றேன். அதத்தான் உனக்கு எழுதுறேன். நாலு பேரு படிச்சாலும் படிக்கட்டும், எனக்கு இன்னா வெக்கம்?

அன்னைக்கே உன் வூட்டுக்காரர் கிட்ட போய் நின்னேன். "மாமா, செல்விக்கு ஒரு காஸ் அடுப்பு வாங்கணும்"னேன். கட்டில்ல குந்திக்கினு, காதுல மஃப்ளரச் சுத்திக்கினு, "இன்னாத்துக்கு? காஸு அடுப்புதான் வந்துச்சே, உங்கக்கா அது கால ஒடச்சுட்டாளே. நம்ம மலைக்கு அது ஒத்துவராது. பொகை இல்லன்னா அடுப்பு மேல பரண்ல கெடக்குற சாமைக்குப் பூச்சி புடிச்சிடும்"னாரு.

கால ஒடச்சியாம். அந்த எலவச அடுப்பு வந்த நாள் எனக்கு மறக்குமா? ஆசை ஆசையா மஞ்ச குங்குமம் வச்சு, மொத மொத களிச்சட்டியத்தான் ஏத்தின. நம்ம மண்ணடுப்புன்னா சட்டி குழியில நல்லா உக்காந்துக்கும். நான் கவைக்கோலால சட்டிக் கழுத்த அமுத்திப் புடிப்பேன், நீ எழுந்து நின்னு ரெண்டு கையாலயும் துடுப்பு போட்டுக் கிண்டுவ. தகரத்துல செஞ்ச அடுப்பு அந்தக் கிண்டலத் தாங்குமா? நாலு சுத்து சுத்துறதுக்குள்ள ஒரு கால் மடங்கி, களி பூரா தரையில.

வூடே சிரிச்சுது. "உனக்குக் கைபலம் ஜாஸ்தி"ன்னாரு மாமா. அந்த அடுப்பு மேல கோணியப் போட்டு மூடிட்டு நீ மறுபடியும் பொகைக்கே போய்ட்ட. அடுப்ப ஒருத்தராவது குத்தம் சொன்னாங்களா? களி துன்ற ஊருக்குக் களி கிண்ட முடியாத அடுப்பக் குடுத்தவங்களத்தான் யாராவது கேட்டாங்களா?

கடைசியா ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா, "இவங்க பீடி குடிப்பாங்களா?"ன்னு கேட்டாங்க. மாமாவுக்கு வந்துச்சே ரோஷம்! எங்க வூட்டுப் பொம்பளைங்க அப்படி இல்லன்னு எகிறிக் குதிச்சாரு. "அப்ப வெறகடுப்பா?"ன்னு கேட்டதுக்கு மட்டும் வாயத் தொறக்கல. அத நெனச்சுக்கினுதான் அன்னைக்கு நேருக்கு நேரா கேட்டேன். "சாமைக்குப் பூச்சி புடிக்கக் கூடாது, உங்க பொண்ணு நெஞ்சுல இன்னா புடிச்சாலும் பரவால்லியா மாமா?" எழுந்து வெளிய போய்ட்டாரு. ஆனா மறுநாள் காலையில எனக்கு முன்னாடி ஜீப்புக்கு நின்னுட்டிருந்தாரு.

உன் கொழுந்தன், அதான் என் வூட்டுக்காரரு, எஸ்டேட்டு வேலைக்குப் போனவரு தைக்குத்தான் வருவாரு. அதனால நானும் மாமாவும்தான் மலை எறங்கி ஆலங்காயத்து அடுப்புக் கடைக்குப் போனோம். நான் சும்மா போவல. களிச்சட்டி, துடுப்பு, கவைக்கோலு, துணியில முடிஞ்ச கேவுரு மாவு எல்லாத்தையும் எடுத்துக்கினேன். ஜீப்புல இருந்தவங்க, "எந்தக் கண்ணாலத்துக்கு சமைக்கப் போற?"ன்னு கிண்டல் பண்ணாங்க. மாமா மானம் போவுதுன்னு டிரைவர் பக்கத்துல போய்க் குந்திக்கினாரு. குளுர்ல கம்பியப் புடிச்ச வெரலு மரத்துப் போச்சு, சட்டிய மட்டும் நான் வுடல.

கடைக்காரன் இருக்கானே, அடுப்பு யாருக்குன்னு கூட கேக்கல. என்னத் தாண்டி மாமாகிட்டயே பேசுறான். "சார், இதப் பாருங்க, மேல பூரா கண்ணாடி. தொடச்சா மூஞ்சி தெரியும்." மாமாவும் குனிஞ்சு மூஞ்சியப் பாக்குறாரு. "எங்களுக்கு மூஞ்சி பாக்க வேணாம், களி கிண்டணும்"னு சட்டிய எறக்கி வச்சேன். அவன் சிரிச்சுட்டு, "மலையாம்மா? இட்லி, தோசைக்கு மாறுங்க. இந்தக் காலத்துல யாரு களி துன்றா?"ன்னான்.

"உங்க ஊரு சக்கரை வியாதிக்காரங்க எங்க கிட்டதான் கேவுரு வாங்கிக்கினு வர்றாங்க. அத மூட்டையிலயே வச்சு கும்புடுறாங்களா?"ன்னு கேட்டேன். கிண்டிப் பாத்துட்டுதான் வாங்குவேன்னு நின்னேன். ஒடஞ்சா யாரு பொறுப்புன்னான். களிக்கு ஒடையிறது அடுப்பே இல்லன்னேன். அதுக்குள்ள வாசல்ல ஆளு சேந்துடுச்சு. வேற வழியில்லாம கண்ணாடி அடுப்ப ஓரங்கட்டிட்டு, பத்தவச்சுக் காட்டுறதுக்குன்னு வச்சிருந்த எவர்சில்வர் அடுப்ப எடுத்துக் குடுத்தான்.

தண்ணி கொதிச்சு, மாவு வெந்துச்சு. துடுப்ப எடுத்து மாமா கையில குடுத்தேன். "நானா?"ன்னாரு. "கைபலம் ஜாஸ்தி இல்லாதவங்க கிண்டட்டும், நான் கவைக்கோலப் புடிச்சுக்கிறேன்"னேன். நாலு பேரு முன்னாடி மாட்டேன்னு சொல்ல முடியுமா? மஃப்ளரக் கழட்டி வச்சுட்டு எறங்கினாரு. துடுப்பு நவுரவே மாட்டேங்குது. பல்லக் கடிச்சுக்கினு ஒரு சுத்து சுத்துனாரு, அடுப்பு மேசையோட நவுந்துச்சு. அடுத்த சுத்துல ஒரு கால் மேல எழும்ப, கடைக்காரன் ஓடி வந்து அடுப்பக் கட்டிப் புடிச்சான். அந்த மார்கழிக் குளுர்ல மாமாவுக்கு நெத்தியில வேர்வை.

துடுப்ப வச்சுட்டு அந்த அடுப்பையே பாத்தாரு. "இந்தக் கால் தாங்காதுப்பா. அவ மேல தப்பு இல்ல"ன்னாரு. "யாரு மேல சார்?"ன்னு கடைக்காரன் கேட்டான். "என் வூட்டுக்காரி"ன்னாரு.

எனக்கு மனசு எளகிடுச்சுன்னு நெனைக்கிறியா? பத்திக்கினு எரிஞ்சுது அக்கா. உன்கிட்ட சொல்ல வேண்டிய வார்த்தைய, உன் பேரு கூட தெரியாத ஒரு கடைக்காரன் கிட்ட போய் சொல்றாரு. நீ அடுப்படியில குந்திக்கினு கண்ணத் தொடச்சுட்டிருந்த அத்தன வருஷத்துல ஒரு நாள் அந்த வார்த்த வரலியே. அத நான் அவர்கிட்டயே சொல்லிட்டேன், அந்த வாசல்லயே.

அப்புறம்தான் கடைக்காரனுக்குப் புத்தி வந்து, உள்ளேயிருந்து ஒரு இரும்படுப்ப உருட்டிக்கினு வந்தான். தரையில வைக்கிறது, ஒத்த பர்னரு, கனமான மூணு காலு. டீக்கடைக்காரங்க கேட்டா குடுப்பானாம், வூட்டுக்குன்னு யாரும் கேட்டதில்லியாம். வூட்டு சிலிண்டருக்கு ஏத்த பர்னரு போட்டுத் தர்றேன்னான். பாதியில நின்ன களிய அதுமேல ஏத்தி நானே கிண்டினேன். அடுப்பு அசையல. களிய உருண்டை புடிச்சப்ப, யாரு துன்றான்னு கேட்டவன் கைய நீட்டுறான். ஒரு உருண்டை குடுத்தேன். தொட்டுக்க ஒண்ணும் குடுக்கல.

அடுப்பு வூடு வந்து சேந்துடுச்சு. சிலிண்டரு தீந்தா ஜீப்புல நாமளேதான் ஏத்திக்கினு வரணும், அந்தப் பேஜாரு இருக்கத்தான் இருக்கு. இருக்கட்டும். செல்வி மொத களிய எறக்கிட்டு, "சின்னம்மா, கண்ணு எரியல"ன்னு சொல்லிட்டு என்னையே பாத்தா. எனக்குத்தான் கண்ணு எரிஞ்சுது. இந்த வருஷம் உன் தீட்டுக்கு நமக்குப் பொங்கல் இல்ல. அடுத்த பொங்கலு அந்த அடுப்புலதான்.

மாமா வுடுவாரா? "அப்ப சாமைக்குப் பொகை?"ன்னு ஆரம்பிச்சாரு. மண்ணடுப்ப நான் இடிக்கல. ஈரச் சுள்ளியக் கொண்டாந்து முன்னாடி போட்டு, "உங்க சாமை, நீங்களே போடுங்க"ன்னு செல்விய வெளிய இட்டுக்கினு வந்துட்டேன். இப்ப வாரம் ஒருவாட்டி கதவச் சாத்திக்கினு அவரேதான் ஊதுறாரு. நேத்து கண்ணு ரெண்டும் செவந்து, இருமிக்கினே வெளிய வந்தவரு, "இதுல எப்படித்தான் குந்தியிருந்தாளோ"ன்னாரு.

உன்கிட்ட கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடுத்தேன். உனக்கு ஒரு வார்த்த குடுக்குறேன் அக்கா. சாமை மொத்தமும் பூச்சியாப் போனாலும் சரி, நான் உசுரோட இருக்குற வரைக்கும் உன் பொண்ணு அந்தப் பொகையில குந்த மாட்டா.

இப்படிக்கு,
நீ கிண்டுன சட்டியக் கவைக்கோலால அமுத்திப் புடிச்ச உன் ஓரகத்தி,
சாந்தி