ஐந்தாம் பக்கம்

என் அன்பு மனைவிக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு இருமல் நின்றுவிட்டது, கவலைப்படாதே. கடையில் பள்ளிச் சீருடைத் தையல் தலைக்கு மேல் கிடக்கிறது. அதை அப்படியே போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். விஷயம் அப்படி.

அடியே, உனக்குத்தான் முதல் பரிசு!

நூலகர் கடைக்கே வந்து சொன்னார். புதிய அகழாய்வுகளைப் பற்றிப் புது எழுத்தாளர்கள் எழுதிய நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளில் உன்னுடையதுதான் முதலாவதாம். பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் எழுதியிருந்தார்களாம். அங்கே அகழாய்வில் பானை ஓடு கழுவுகிற என் பெண்டாட்டி அத்தனை பேரையும் ஓரங்கட்டிவிட்டாள். சந்தோஷத்தில் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

இனி நான் திட்டு வாங்க வேண்டிய கதை. நீ அனுப்பிய எட்டுப் பக்கங்களில் ஐந்தாவதை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் நூலகத்துப் போட்டிக்குக் கொடுத்தேன். முதல் வாரத்தில், உள்ளே கரி ஒட்டியிருந்த பானை ஓட்டை வீட்டுச் சட்டி மாதிரி பளபளவென்று தேய்த்துவிட்டாயே, அந்தப் பக்கம். அந்தக் காலத்தில் யாரோ கடைசியாகச் சமைத்த சாப்பாட்டின் தடயம் அந்தக் கரியில்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தும், வாயைத் திறக்காமல் மற்ற ஓடுகளோடு கலந்துவிட்டதாக எழுதியிருந்தாய். உங்கள் அகழாய்வு டைரக்டர் அம்மா படித்தால் உன் வேலை போய்விடுமே என்று பயந்துதான் எடுத்து வைத்தேன்.

போன மாதம் நூலகர் கூப்பிட்டு அனுப்பினார். "நாலுக்கு அப்புறம் ஆறு வருது. அஞ்சு இல்லாம எடுத்துக்க முடியாது" என்றார். சனிக்கிழமை வரை கெடு. வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். 'பரிசு வராவிட்டாலும் சரி, இதை நான் எங்காவது சொல்லியாக வேண்டும்' என்று கடைசியில் எழுதியிருக்கிறாய். முதலில் இருந்த பயத்தில் அந்த வரி என் கண்ணில் படவே இல்லை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. மன்னித்துவிடு.

அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் முதல் பரிசு என்று நடுவர்கள் சொன்னார்களாம்.

கட்டுரை அடுத்த ஞாயிறு பத்திரிகையில் வருகிறது. அதற்குள் டைரக்டர் அம்மாவிடம் நீயே நேரில் போய்ச் சொல்லிவிடு. பத்திரிகையைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. வேலை போனால் போகட்டும், தலை நிமிர்ந்து வீட்டுக்கு வா. எதிரே வருகிறவர்களிடமெல்லாம் எழுத்தாளரின் புருஷன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். மானத்தை வாங்காதீங்கப்பா என்கிறாள் பெரியவள்.

ஒன்று விட்டுப்போனது. நூலகர் சொன்ன அன்று, அடுப்பில் வைத்ததை மறந்து தெருவெல்லாம் உன் பெருமை பேசப் போய்விட்டேன். சட்டி அடிப்பிடித்துக் கருகிவிட்டது. தேய்க்கப் போனால் பிள்ளைகள் விடவில்லை. அப்படியே வைத்திருக்கிறோம். அன்றைக்கு நான் என்ன சமைத்தேன் என்று நீ வந்து பார்த்துச் சொல்.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
உன் தையல்காரன்