மேலிருந்து தின்ற துரு

ஜனவரி 7, புதன்

காலையில் நல்ல பனி. சிறுமலை இருக்கும் இடமே தெரியவில்லை. இன்று முதல் செருப்புக் கடையைப் பத்து மணிக்குத் திறந்தால் போதும் என்று எனக்கு நானே உத்தரவு. தார்ப்பாயை உருவியாயிற்று!

மூன்று வருடமாக வாசலில் மூடிக் கிடந்த பத்மினி கார். உள்ளே ஒரு பல்லிக் குடும்பம், இரண்டு கொட்டாங்குச்சி (எப்படி வந்தன?), கைப்பிடி கைப்பிடியாகத் தூசி. ஆனால் முகம் அப்படியே இருக்கிறது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஐம்பத்து மூன்று வயது ஆள், வாசலில் தனியாக நின்று காரைப் பார்த்துச் சிரிப்பு.

நல்லது: என்ஜின் (போன மாதமே மெக்கானிக் உயிர் கொடுத்துவிட்டார்), பிரேக், ஆர்.சி., இன்சூரன்ஸ்.
கெட்டது: தரை, கதவுகளின் அடிவிளிம்பு, டிக்கி. எல்லாம் துரு.

கெடு: பிப்ரவரி 8, ஞாயிறு. பழனியில் மும்தாஜின் தங்கை மகளுக்கு நிக்காஹ். மும்தாஜ் இந்தக் காரில் வர வேண்டும். அதற்குத்தான் இத்தனையும்.

வருவாளா? மூன்று வருடம் முன்பு வத்தலக்குண்டு ரோட்டில் அவள் காலுக்குக் கீழே தரை உடைந்தது. ஒரு செருப்பு ரோட்டோடு போயிற்று. வீடு வரும்வரை இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாள். இறங்கியதும் சொன்னது: “எங்கத்தா கல்யாணத்துக்குக் குடுத்த வண்டிதான். ஆனா இனிமே இதுல கால் வைக்கமாட்டேன்.” வைக்கவில்லை. பிறகு வாங்கிய வெள்ளைக் காரை அவளே ஓட்டுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேவையில்லாமல் பிரேக் மிதிக்கிறேன்.

ஜன. 9, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்து, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி முதல் தேய்ப்பு. வலது பக்கக் கதவு. செங்கல் நிறத்தில் புழுதி பறந்து, அடியில் இரும்பு பளிச்சென்று வந்தது பாருங்கள். ஆஹா. (யாரைப் பாருங்கள் என்கிறேன்? நோட்டுப் புத்தகத்தையா?)

மூக்கு, தாடி, காது எல்லாம் துரு. எதிர்வீட்டு வாசலில் இரண்டு பெண்கள்:

“பாய் வீட்டுல என்னாத்தா இம்புட்டுச் சத்தம்?”

“பழைய கார உக்காந்து தேய்க்கிறாரு.”

“தேய்ச்சுத் தேய்ச்சு ஒண்ணுமில்லாமப் போயிரப்போகுது.”

போகாது. உள்ளே இன்னும் இரும்பு இருக்கிறது.

ஜன. 11, ஞாயிறு

டிங்கர் செல்வம் வந்தான். அகரத்துக்காரன். விடிகாலையில் சொந்தத் தோட்டத்தில் பூப்பறித்து அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு மேல் தகரம் தட்டுகிறவன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு செவ்வந்தி கிடக்கும். கேட்டால் ‘அதுவா விழுந்துச்சு பாய்’ என்பான்.

சின்னச் சுத்தியலால் உடம்பு பூராவும் தட்டிக் கேட்டான். ‘டங்’ என்றால் நல்ல இடம். ‘டொப்’ என்றால் அங்கே சாக்பீஸில் ஒரு வட்டம். மொத்தம் பதினேழு வட்டம். கார் அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. இருந்தாலும் கூரையில், பானெட்டில், முன் மட்கார்டில் ஒரு வட்டம்கூட இல்லை. எனக்குத் துள்ளலாக இருந்தது.

பிறகு அடிவிரிப்பைப் பிய்த்தான். அந்த நேரம் பார்த்து மும்தாஜ் டீயோடு வந்து நின்றாள். செல்வம் வண்டிக்கு அடியில் ஒரு முறை படுத்துப் பார்த்தான், உள்ளே ஒரு முறை குனிந்து பார்த்தான்.

“பாய், இது கீழேருந்து வந்த துரு இல்ல. அடியில பூசுன தாரு இன்னும் கெட்டியா இருக்கு. மேலேருந்து தின்னுருக்கு.”

மும்தாஜ் கேட்டாள்: “வண்டிக்குள்ள எப்படித் தண்ணி போச்சு?”

நான் சொன்னேன்: “மழைக்குக் கண்ணாடி இறங்கிக் கெடந்திருக்கும்.”

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். செல்வம் தரையின் பொந்திலிருந்து வெள்ளையாக ஒரு பொருக்கைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்தான். “உப்பு, பாய்.”

எனக்கு அவன் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது உண்மை இருக்கட்டும்.

தோல் மண்டி வைத்திருந்த காலம். பக்ரீத் அன்று ஊரெல்லாம் ஆட்டுத்தோல். வெயில் ஏறுவதற்குள் உப்புப் போட்டு மண்டி சேர்க்காவிட்டால் தோல் பாழ். அன்றைக்குப் பார்த்து ஒரு டெம்போவும் கிடைக்காது. பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பத்மினியில் சாக்குச் சாக்காக ஏற்றினேன். இந்த ஒரு வருடம் மட்டும் என்றுதான் ஆரம்பம். எட்டு வருடம் முன்பு மண்டியை மூடும்வரை ஒவ்வொரு பக்ரீத்துக்கும் மூன்று நாள். உப்புத் தண்ணீர் ஒழுகும். வாசல் சரிவில் நிற்கிற கார், அதனால் இடது முன்பக்கம் போய்த் தேங்கும். அதாவது மும்தாஜ் கால் வைக்கும் இடம். அவள் பெருநாளுக்குத் தாய்வீட்டுக்குப் போன பிறகுதான் ஏற்றுவேன். ஊதுபத்தி கொளுத்தி வாடையைப் போக்குவேன்.

கார்ச் சாவியைக் கையில் கொடுக்கும்போதே மும்தாஜின் அத்தா, என் மாமனார், கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: “இதுல தோல் மட்டும் ஏத்தாதீங்க மாப்ளே.” மும்தாஜ் பக்கத்தில் நிற்கத் தலையாட்டினேன்.

அதையும் விட மோசம், தரை உடைந்த அன்று நான் சொன்னது. ‘நீ தெனமும் வாசல் கழுவி ஊத்துற தண்ணிதான் அடியில நின்னு அரிச்சிருச்சு’ என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் வாசலில் தண்ணீர் ஊற்றுவதில்லை. துணியைப் பிழிந்து குனிந்து துடைக்கிறாள்.

ஜன. 13, செவ்வாய்

செல்வத்தின் தீர்ப்பு: உப்பு போகாமல் புதுத்தகடு அடித்தால் இரண்டே வருடத்தில் அதுவும் போய்விடும். சுடுதண்ணீர் ஊற்றி மூன்று தடவை கழுவி, வெயிலில் காயவிட வேண்டும். அதுவரை அவன் வரமாட்டான். பொங்கல் வேறு.

சுடுதண்ணீர் போட்டால் எதற்கு என்று கேட்பாள். உப்பு என்றால் எந்த உப்பு என்பாள்.

பெட்ரோலுக்குப் பதிலாக ஏதாவது பொய் ஊற்றி ஓட்ட முடிந்தால் நான் இந்நேரம் டெல்லி போயிருப்பேன்.

வாங்க வேண்டியது: கம்பி பிரஷ் 2, கையுறை, உப்புத்தாள் 80, 120, 400.

ஜன. 15, வியாழன்

பொங்கல். செல்வம் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கலும் இரண்டு கரும்பும் வந்தன. முந்திரி தாராளம். மும்தாஜுக்கு உயிர். அவள் இரண்டாவது கரண்டி வைத்துக்கொள்ளும்போது சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பக்ரீத், சாக்கு, ஊதுபத்தி.

“எங்கத்தாகிட்ட தலைய ஆட்டுனீங்களே.”

“ஆட்டுனேன்.”

“அப்ப நான் கழுவுன தண்ணி?”

“அதுனால இல்ல.”

“மூணு வருசமா இடுப்பு ஒடியத் தொடைக்கிறேங்க. தெனமும் பாத்துக்கிட்டுத்தான கடைக்குப் போனீங்க?”

அவள் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள். என் தட்டில் இருந்த முந்திரியை எடுக்கவில்லை. வழக்கமாக எடுப்பாள்.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் பாரம் இறங்கியதுபோலவும் இருக்கிறது, அதற்கும் வெட்கமாக இருக்கிறது.

ஜன. 16, வெள்ளி

நாள் முழுக்க மும்தாஜிடமிருந்து ஒரே ஒரு வாக்கியம், நான் பெரிய பாத்திரத்தில் கை வைத்தபோது: “பிரியாணி தேக்சாவ எடுக்காதீங்க.”

பழைய பெயின்ட் டப்பாக்களில் தண்ணீர் காய்ச்சி ஊற்றினேன். முதல் தண்ணீர் கலங்கலாக, உப்புக் கரித்தது. இரண்டாவது கொஞ்சம் தேவலை. மூன்றாவதை நாக்கில் வைத்தேன். வெறும் தண்ணீர்! கத்திச் சொல்ல ஆள் இல்லை. பல்லிகளிடம் சொன்னேன்.

ஜன. 20, செவ்வாய்

வெயில் பிரமாதம். தரை காய்ந்து கலகல. செல்வம் கேஸ் சிலிண்டர்களை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். உளுத்த இடத்தை வெட்டி எடுத்தான். இப்போது காருக்குள் நின்றால் வாசல் தெரிகிறது.

இனி என் முறை. அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்தேன். செருப்புக்கு அடி வெட்டிப் பழகிய கை அல்லவா, வளைவு நெளிவு எல்லாம் சரியாக உட்கார்ந்தது. செல்வம் அட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஏ அப்பு! நூல் பிசகலையே பாய். நீங்க தப்பான தொழிலுக்குப் போயிட்டீங்க” என்றான். எத்தனை தொழிலுக்குத்தான் தப்பாகப் போவது.

பிறகு தகடு வெட்டி, மடக்கி, பற்றவைப்பு. நீலத் தீ. தகடும் தகடும் உருகி ஒன்றாகும் அந்த நொடியைக் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். கடை திறக்க மறந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு ஓடினேன்.

ஜன. 25, ஞாயிறு

தரை முடிந்தது!! இடது முன்பக்கம் நான் ஏறி நின்றேன். எண்பத்திரண்டு கிலோ. குதித்தேன். செல்வமும் ஏறிக் குதித்தான். ஒரு முனகல் இல்லை. ஜன்னல் திரை அசைந்தது. மும்தாஜ் பார்த்திருக்கிறாள். வெளியே வரவில்லை.

இப்போது பேசுகிறாள், தேவைக்கு மட்டும். ‘சோறு இருக்கு.’ ‘கேஸ் தீந்துருச்சு.’ ‘ஒங்க போன் அடிக்குது.’

வாசலை யாரும் கழுவவில்லை, துடைக்கவும் இல்லை. துருப்பொடி அப்படியே கிடக்கிறது. நான் கூட்டினேன்.

ஜன. 29, வியாழன்

ரெட் ஆக்ஸைடு இரண்டு கை. பட்டி. உப்புத்தாள் தேய்ப்பு. திரும்பவும் பட்டி. தோள் கழன்றுவிட்டது. கதவு ரப்பருக்கு அடியில் பழைய நிறம் ஒரு விரல் அகலத்துக்கு அப்படியே இருந்தது, வெளிர்நீலம். அந்தப் பெயின்ட்டில் ஒரு சில்லைப் பெயர்த்து எடுத்துப்போய்ப் பெயின்ட் கடையில் வைத்து மூன்று தடவை கலக்கச் சொல்லி, நான்காவதில்தான் தலையாட்டினேன். இந்தத் தலையாட்டல் உண்மையானது.

பிப். 2, திங்கள்

பெயின்ட் அடித்தாயிற்று! காலைப் பனி ஈரம் போகட்டும் என்று பதினொன்றரை வரை காத்திருந்தோம். செல்வம் வாயில் துணி கட்டிக்கொண்டு ஒரே சீராக அடித்தான். பானெட்டில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டது. ஊசியால் எடுத்தேன்.

நீலம். வாசல் முழுக்க நீலம். அல்லாவே, என்ன அழகு. தெருவில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி “விக்கிறீங்களா பாய்?” என்றார். “ஏன், ஒங்க வீட்ட விக்கிறீங்களா?” என்றேன். சந்தோஷத்தில் நாக்கு நீண்டுவிட்டது.

பிப். 5, வியாழன்

காலை ஆறரை. தண்ணீர்ச் சத்தம். ஓடி வந்து பார்த்தால் மும்தாஜ் வாசலில். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ரப்பர் குழாய். வாசலைக் கழுவுகிறாள். கழுவுகிறாளா? வெள்ளம். காருக்கு அடியில், சக்கரத்தில், கதவின் இடுக்கில், எல்லா இடத்திலும் பீய்ச்சுகிறாள். நாளைக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும், தொட்டி காலியாகிவிடும். நான் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

அரை மணி நேரம். மூன்று வருடத்துத் தண்ணீர். குழாயைப் போட்டுவிட்டு உள்ளே போகும்போது, “உள்ள பாருங்க” என்றாள்.

கதவைத் திறந்து தரையில் கை வைத்துத் தடவினேன். சொட்டு ஈரம் இல்லை!

பிப். 7, சனி

காருக்குள் புது விரிப்புப் போடவில்லை. வாங்கி வைத்திருக்கிறேன். தரை தெரிந்தால்தான் நம்புவாள்.

மும்தாஜ் தங்கையோடு போனில்: “பஸ்ஸுல எதுக்கு வரணும்? கார்லதான் வாரோம். … எந்தக் காரா? அத காலையில பாத்துக்கலாம்.”

‘வாரோம்’ என்றாள். இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், நான் சேர்த்திதான்.

பிப். 8, ஞாயிறு

பழனி. மண்டபத்தின் பின்பக்கம், கை கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன். பிரியாணி பரவாயில்லை.

காலை ஏழு மணி. பத்மினியைக் கிளப்பி, இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன், ஓட்டல் வாசலில் நிற்கிற ஆள் மாதிரி. மும்தாஜ் பச்சைப் பட்டில் வந்தாள். கதவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அப்படியே முன்பக்கமாகச் சுற்றிப் போனாள். வெள்ளைக் காருக்குத்தான் போகிறாள், போச்சு என்று நினைத்தேன்.

பத்மினியின் வலது கதவைத் திறந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள்.

“இது ஸ்டியரிங்குல இருக்குற கை கியரு, மும்தாஜ்.”

“எங்கத்தா எனக்கு ஓட்டப் பழக்குனதே இதுலதான். அந்தப் பக்கம் ஏறுங்க.”

ஏறினேன், அவள் இடத்தில்.

“கால ரெண்டையும் நல்லா ஊன்றிக்கங்க. பழனி வரைக்கும் தூக்கக்கூடாது.”

முதல் கியர் ஒரு முனகல், அடுத்தது வெண்ணெய். ரெட்டியார்சத்திரம் வேகத்தடையில் வண்டி குதித்தபோது, என்னை அறியாமல் இரண்டு காலையும் தூக்கிவிட்டேன். அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எறக்குங்க.”

இறக்கினேன்.