கிழக்கு வரிசை

ஜனவரி 12, 1943

பூமிக்குக் காய்ச்சல் வரவழைப்பது என் உத்தியோகம். வயலில் வரிசை வரிசையாகத் துளைகள். துளைக்குள் மின்சாரச் சூடேற்றிகள். மாதக்கணக்கில் வெந்தால் அடியிலுள்ள களிப்பாறை எண்ணெயைக் கக்கும். இன்று அரை வாளி கக்கியது. தலைமைப் பொறியாளர் வெட்டர்லிங் கைதட்டினார். போரில் துறைமுகம் அடைபட்டதால் ஸ்வீடனில் சொட்டு எண்ணெயும் தேசபக்தி. தேசபக்தி அழுகிய முட்டை போல் நாறுகிறது.

ஜனவரி 19

கிழக்கு வரிசையை ஒட்டி விதவை தெக்லா ரீடலின் பண்ணை. அவள் கிணறு சுடுகிறது. அவளுக்கு ஒரே குதூகலம்.

"இன்ஜினியர் கையை விட்டுப் பாக்கட்டும்! கம்பெனிக்காரங்க எனக்குன்னு வெந்நீர் போடுறாங்க."

"திருமதி ரீடல் இதைக் குடிக்கிறாங்களா?"

"பின்னே, கிணத்துல மீனா வளக்குறேன்?"

இந்த நாட்டில் எதிரே நிற்பவரிடமே, வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல, பட்டம் சொல்லித்தான் பேச வேண்டும். மேலிருப்பவர் 'பட்டத்தை ஒதுக்கிவைப்போம்' என்று கோப்பையை உயர்த்தினால்தான் 'நீ'. நாகரிகமாம்.

ஜனவரி 30

கிணற்று நீரில் எண்ணெய்ப் படலம். தெக்லா இன்று சிரிக்கவில்லை. "வயித்தைப் புரட்டுது. வேற தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

பிப்ரவரி 1

கிழக்கு வரிசையை அணைக்கச் சொன்னேன். அதிகம் எண்ணெய் தருவது அதுதான்.

வெட்டர்லிங்: "இன்ஜினியர் லீண்டருக்கு மூக்கு கொஞ்சம் நீளம். ஸ்டாக்ஹோம் அரசாங்கக் குழு வந்து போற வரைக்கும் அதைப் பொத்திக்கட்டும்."

பிப்ரவரி 9

வெட்டர்லிங் வீட்டில் விருந்து. ஊரே வறுத்த வேரைக் கரைத்துக் குடிக்கையில் இங்கே நிஜக் காபி. பிறகு பிராந்தி. எழுந்து நின்றார். "பட்டத்தை ஒதுக்கி வெச்சிடுவோமா? நான் கார்ல்-அக்செல்."

"சிக்ஸ்டன்" என்றேன்.

"பாரு சிக்ஸ்டன், கிணத்தைப் பத்தி யாராவது கேட்டா நீ ஒண்ணும் பாக்கலை. இங்க வேலை இருக்கிற வரைக்கும் உனக்குப் பட்டாள அழைப்பு வராது. புரியுதா?"

'நீ' என்ற ஓரெழுத்துக்கு ஒரு மனிதனை வாங்கலாம் என்று நினைக்கிறார். வாங்கிவிட்டாரா? கோப்பையைக் காலி செய்தேன் — நல்ல பிராந்தி. சீ.

பிப்ரவரி 11

எண்ணெயைப் பார்க்க வந்த குழு, பெட்ரோல் இல்லாமல் விறகுப் புகையில் ஓடும் காரில் வந்தது. வழியில் நின்று நின்று விறகு திணித்தார்களாம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

குழுத் தலைவர் கேட்டார்: "சூடு வயல் எல்லையைத் தாண்டாதில்லே?"

"ஒரு அடிகூடத் தாண்டாது" என்றார் வெட்டர்லிங்.

"கார்ல்-அக்செல், நீ பொய் சொல்றே."

என் குரல்தான். 'தலைமைப் பொறியாளர் அவர்கள் சற்றே தவறாக…' என்று தொடங்க வேண்டியிருந்தால், வாக்கியம் முடிவதற்குள் என் தைரியம் முடிந்திருக்கும். 'நீ' சின்னச் சொல். பயம் முழித்துக்கொள்வதற்குள் வெளியே வந்துவிடுகிறது.

கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். தலைவர் முகம் சுளித்தார். "திருமதி ரீடல் இதையா குடிச்சாங்க?"

தெக்லா குவளையை நீட்டினாள். "தலைவரும் ஒரு வாய் குடிச்சுப் பாக்கட்டுமே."

குடிக்கவில்லை. கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

பிப்ரவரி 12

கிழக்கு வரிசை அணைந்தது, குழுவின் உத்தரவு.

"இன்ஜினியர் லீண்டர் சாவியை வெச்சுட்டுப் போகட்டும்" என்றார் வெட்டர்லிங், சுவரைப் பார்த்து. ஒதுக்கிவைத்த பட்டம் மறுபடி ஒட்டப்பட்டவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரி 26

பட்டாள அழைப்பு. வடக்கு எல்லை. தபாலுக்கு என்ன வேகம்.

மார்ச் 8

ரயிலடிக்குப் போகும் வழி. கம்பெனியின் தண்ணீர் வண்டி தெக்லா வீட்டு முன் நின்றது. கிணற்றைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். மண் ஆற மாதங்கள் ஆகும். வண்டி அதுவரை தினமும் வருமாம். நன்றி, கண்ணீர் — ஒன்றும் இல்லை. நல்லவேளை.

"இன்ஜினியர் சும்மாதானே நிக்கிறாரு? ரெண்டு வாளியைத் தூக்கட்டும்."

தூக்கினேன். சமையலறை வரைக்கும் பாதை முழுக்கப் பனிக்கட்டி, வழுக்கல். தூரத்தில் என் ரயில் ஊதியது. ஒரு சொட்டும் சிந்தாமல், மெதுவாக நடந்தேன்.